தோணி ஒன்று, விலாங்கு இரண்டு

ஜூலை 3, வியாழன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. முற்றம் கூட்டி முடிக்கும் முன்பே திரும்ப மணல். இரண்டாம் தரமும் கூட்டினேன். மூன்றாம் தரம் விளக்குமாற்றை எடுக்க, பின்வளவில் இருந்து அம்மா: "உனக்கென்ன புள்ள, பேய் புடிச்சிரிக்கா?"

பேய் இல்லை. 12ஆம் திகதி கு.வுக்குப் பரீட்சை. (வீட்டுக்காரரை முழுப்பெயரில் எழுதக் கூச்சம். கு. போதும்.) வெளிநாட்டில் முதியோர் இல்ல வேலை. டவுன் ஏஜென்சியில் இங்கிலிஷ் எழுத்துப் பரீட்சை, சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும். போன தரம் பெயில். இந்தத் தரம் பாஸானால் இரண்டு வருடத்துக்கு ஆள் இல்லை.

முன்பு கட்டாரில் வயறிங் வேலை செய்து பழகிய இங்கிலிஷ். பேச்சு மளமளவென்று வரும். எழுதினால் காது கேட்டதை அப்படியே எழுதுவார், இரட்டை எழுத்தில் ஒன்றை விழுங்கிவிடுவார். பெரியகல்லாற்றில் பாதிப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் ரியூசன் கொடுப்பவள் நான். என் புருஷன் இப்படி.

இன்று படிப்பித்தவை:

நெசசரி. சி ஒன்று, எஸ் இரண்டு. சி-யைப் பார்த்தால் தோணி, எஸ்-ஐப் பார்த்தால் விலாங்கு. தோணி ஒன்று, விலாங்கு இரண்டு.

அக்கொமடேஷன். விருந்தாளி வந்தால் பாய் இரண்டு, தலையணை இரண்டு. சி இரண்டு, எம் இரண்டு.

எம்பரஸ். வெட்கம் வந்தால் கன்னம் இரண்டும் சிவக்கும், காது இரண்டும் சிவக்கும். ஆர் இரண்டு, எஸ் இரண்டு.

கடைசியைச் சொன்னதும் என் கன்னத்தைத் தொட்டு, "இப்ப எத்தின ஆர்?" என்கிறார். எருமை.

மகளின் சப்பாத்து வாய் பிளந்துவிட்டது. புதுசு வாங்க வேண்டும்.

ஜூலை 5, சனி

காற்று இன்னும். கறிக்கு இரண்டு தரம் உப்பு போட்டுவிட்டேன். எல்லோரும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ரிசீவ். சீ என்று சொல்லும்போது வாய் ஈ என்று இழுபடும். அதனால் சி-க்குப் பிறகு ஈ, மறுகா ஐ. இது பிடிபட்டது.

செப்பரேட் பிடிபடவே இல்லை. பி-க்குப் பிறகு ஈ போடுகிறார். "நடுவில ஆர். அத நம்மட ஆறு எண்டு வைங்க. எழுவான்கரையிலயும் ஏ, படுவான்கரையிலயும் ஏ. ரெண்டு கரையும் ஒண்டுதான்." எங்கள் ஆட்களுக்கு வாவி ஆறுதானே; கிழக்குக் கரை எழுவான், மேற்குக் கரை படுவான்.

கொப்பியைப் பார்த்தபடி கு.: "ரெண்டு கரையும் ஒண்டெண்டா என்னத்துக்குத் தோணி?"

தேத்தண்ணி போடப் போனேன்.

இருப்புக்கொள்ளவில்லை. இவர் போய்விடுவாரே என்ற பயமாகத்தான் இருக்க வேண்டும். வேறென்ன.

ஜூலை 8, செவ்வாய்

வீடு காலி. இவர் வாவிக்கு வலை போட, மகள் பள்ளிக்கூடம். போனில் ஒருத்தி சொற்கள் சொல்கிற வீடியோ. சும்மா எழுதிப் பார்த்தேன். எல்லாம் சரி. இன்னொன்று. அதுவும் சரி. பிறகு அந்த நாட்டுப் படங்கள். மழை நனைந்த தெரு, கம்பளிச் சட்டை போட்ட கிழவிகள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகுதான் நினைவு வந்தது.

பின்னேரம் கு. கொப்பியைத் தூக்கிப் போட்டார். "பேசாம நீயே எழுது. நீயெண்டா கண்ண மூடிட்டுப் பாஸ்."

பகிடிக்குத்தான். எனக்கு வந்த கோபம்! "வாய மூடிட்டுப் படிங்க!" என்று கத்தியதில் மகள் அழுதுவிட்டாள்.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம்? ஊரில் பெண்கள் போகாமலில்லை. எங்கள் குடும்பத்தில் இல்லை. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். வீடு என் பெயரில். நான் வீட்டின் பெயரில். அம்மாவுக்கு இருமல் மருந்து வாங்க வேண்டும்.

ஜூலை 12, சனி

இருமல் மருந்து வாங்க அம்மாவும் கூட வந்தார். ஏஜென்சி மேல்மாடியில். கூட வந்தவர்கள் உட்கார வராந்தாவில் ஒரு நீள வாங்கு. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒரு மிஸ் வாசித்தார். கமிட்டி. டெஃபினிட்லி. என் விரல் தானாக ஹேண்ட்பேக் மேல் எழுதத் தொடங்கிவிட்டது. ஒரு சொல்லும் தவறவில்லை. எத்தனை நாளுக்குப் பிறகு ஒரே இடத்தில் அசையாமல் இருந்தேன்! சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம்.

கு. வெளியே வந்து, "பெயில். பாக்கத் தேவையில்ல."

பஸ் கல்லடிப் பாலம் தாண்டியது. கு.: "உள்ளயிருந்து உன்னப் பாத்தன். வாய் அசையுது. முகம் நம்மட கலியாணத்தண்டு இரிந்த மாதிரி."

"சும்மா இரிங்க."

"போகோணும் எண்டு இரிக்கா புள்ள?"

ஓம் என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலும் விழுந்தது. முன் சீற்றில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னோம். "வீட்டுக்காரி போனா வீடு என்னத்துக்குகா?"

கு.: "வீட்ட நான் பாக்கிறன் மாமி."

"நீங்களா? உல வைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"பழகிறன்."

கோபத்தில் அம்மா மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் வந்து இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

மகளிடம் நான்தான் சொன்னேன். முதல் கேள்வி: "அப்ப எனக்கு ஆரு தல இழுத்துப் பின்னிவிடுற?" "நான் இழுப்பன்" என்றார் கு. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் குசினிக்குள் போய் அழுதேன். அழுது முடித்த பிறகும் போகத்தான் ஆசை.

ஜூலை 14, திங்கள்

காற்று. முற்றம் ஒரு தரம்தான் கூட்டினேன். ஏஜென்சிக்குப் போன் பண்ணி அடுத்த பரீட்சைக்கு என் பெயர் கொடுத்தாயிற்று.

கு. மகளுக்குத் தலை இழுத்தார். முதல் தரம். வலை பின்னுகிற விரலுக்கு முடி வழுக்குகிறது. "ஆ, அப்பா நோகுது!" வகிடு கோணல். ஒரு பின்னல் காதுக்கு மேலே, மற்றது கழுத்துக்குக் கீழே. வாசலில் நின்ற எனக்குக் கை துருதுருவென்றது. ரியூசன் கொப்பியில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டாலே சிவப்புப் பேனா தேடுகிற கை.

"நல்லா இரிக்கா அம்மா?"

"வடிவா இரிக்கி" என்றேன்.

சைக்கிளில் அப்பாவின் முன்னால் ஏறிப் போனாள். ஒரு பின்னல் ஒழுங்கை திரும்பும் முன்பே அவிழ்ந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை.