நீ வாபஸ் வாங்கிய மத்தியானம்

இன்று காலை டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது பசை காய்ச்சும் வாசனை வந்தது. மைதாவும் மயில்துத்தமும் சேர்ந்து கொதிக்கிற வாசனை. ஹைரோட்டுச் சுவரில் ஏணி சாத்தி, கார்ப்பரேஷன் தேர்தலுக்கு இரண்டு பேர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒட்டிவிட்டு நகர்ந்ததும் வேறொரு கட்சிக்காரன் வந்து அதன் மேலேயே தன்னுடையதை ஒட்டினான். இரண்டுமே ஆளுங்கட்சியை எதிர்க்கும் கட்சிகள். ஆளுங்கட்சியின் போஸ்டரோ பக்கத்துச் சுவரில் ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது. பஸ் வந்தது. நான் ஏறவில்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் முன்பே நேரில் சொன்ன விஷயம்தான் என்றாலும், எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

உன்னை நான் முதலில் பார்த்தது எங்கள் வேலைநிறுத்தத்தின்போது. தீப்பெட்டித் தொழிற்சாலை வாசலில் நாங்கள் உட்கார்ந்து மூன்றாவது வாரம். யூனியன் செக்ரட்டரி நான். வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களிடம் அதைப் பேசாமல் கோஷம் போட்டுக்கொண்டிருந்தேன். திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து நீயும் இன்னும் இரண்டு பேரும் கூடை கூடையாகச் சாளை மீனைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். யார் அனுப்பியது என்று கேட்டேன். "கடல் அனுப்பிச்சுது. மொதல்ல பொம்பளைங்ககிட்ட குடு, செக்ரட்ரி, அப்பால பேசு" என்றாய். அன்றிலிருந்து கடைசிவரை எனக்கு அந்தப் பெயர்தான். என் சொந்தப் பெயரை நீ கூப்பிட்டதாக நினைவில்லை.

பிறகு எத்தனை சாயங்காலம் கரையில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். எனக்கு ஒரு கட்சி, உனக்கு ஒரு கட்சி. என்னுடையது பெரிது என்று எனக்குக் கர்வம். உன்னுடையதில் குப்பத்து ஜனங்களும் துறைமுகத்துக் கூலிகளும்தான் இருந்தார்கள். துறைமுகம் கட்டிய நாளிலிருந்து கடல் வடக்குக் கரையைத் தின்றுகொண்டே வந்தது. உன் மாமனார் வீடு இருந்த இடத்தில் அலை அடித்தது. கல் கொட்டித் தடுக்க வேண்டும் என்று பேச ஒரு ஆள் சட்டசபைக்குப் போக வேண்டும். அதற்குத்தான் நீ தேர்தலில் நின்றாய்.

நாடு முழுவதும் எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் அது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டியிருப்பார்கள். சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. நம் தொகுதியில் நான்கு பெட்டிகள் வைக்க வேண்டியிருந்தது. ஆளுங்கட்சிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தண்டையார்ப்பேட்டை வக்கீலுக்கு ஒன்று, படகு ஒட்டிய உன் பெட்டி ஒன்று. நாம் மூன்று பேரும் தனித்தனியாக நின்றால் ஆளுங்கட்சிக்காரர் வீட்டில் தூங்கிக்கொண்டே ஜெயித்துவிடுவார் என்று மூன்று பேருக்குமே தெரியும். ராயபுரத்தில் ஒரு மாடியறையில் கூடிப் பேசினோம். வக்கீலும் நீயும் விலகுவது, நான் நிற்பது என்று முடிவாயிற்று. கல் கொட்டுவதைப் பற்றி என் முதல் பேச்சு இருக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன்.

விலகுவதற்குக் கடைசி நாள், மத்தியானம் மூன்று மணிவரை நேரம். அன்று காலையில் டோல்கேட்டில் வக்கீலின் ஆட்கள் பசை காய்ச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர்கள் பக்கத்தில் கட்டுக்கட்டாகப் புதுப் போஸ்டர்கள். வக்கீலின் பெயர், அவர் சின்னம். மத்தியானம் விலகப் போகிறவர் காலையில் போஸ்டர் ஒட்டுவாரா? அவர் வரமாட்டார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

தேர்தல் அதிகாரியின் அலுவலகத்து வராந்தாவில் நீ எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாய். வெளுத்த வேட்டி, பொத்தான் போட்ட சட்டை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டரை மணி வரைக்கும் காத்திருந்தோம். பிறகு நீ என் முகத்தைப் பார்த்து, "வக்கீலு வருவாரா?" என்று கேட்டாய்.

வருவார் என்றேன்.

ஒரே ஒரு சொல். நீ எழுந்து உள்ளே போய், வாபஸ் காகிதத்தில் எழுத்துக்கு எழுத்து நிறுத்தி உன் பெயரை எழுதினாய். மூன்று மணிக்கு அதிகாரி காகிதங்களைக் கட்டி வைத்தார். வக்கீல் வரவில்லை. தன் கட்சி மேலிடம் தந்தி கொடுத்துத் தடுத்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார். வெளியே வந்ததும் நீ அவரைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். "பசிக்குது, வா" என்று மட்டும் சொன்னாய். அன்று ஓட்டலில் உன் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டேன்.

ஓட்டுப் போடும் நாளில் குப்பத்துப் பெண்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். திரைக்குப் பின்னால் போய்ப் படகுப் பெட்டியைத் தேடினார்கள். நீ விலகியது அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் நம்பவில்லை. சிலர் சீட்டை எந்தப் பெட்டியிலும் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். எனக்கும் வக்கீலுக்கும் விழுந்ததைச் சேர்த்தால் ஜெயித்த ஆளுங்கட்சிக்காரருக்கு விழுந்ததைவிட அதிகம். ஆனால் சேர்க்க முடியாதே.

குப்பம் உன்னை மன்னிக்கவில்லை. நீ விலை போய்விட்டாய் என்றார்கள். குப்பமே சேர்ந்து இழுக்கும் பெரிய வலையில் உனக்கு இருந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். கடலுக்குப் போக முடியாமல் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனாய். நான் எழுந்து, இவன் விலை போகவில்லை, நான்தான் தெரிந்தே ஏமாற்றினேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆளுங்கட்சிக்காரர்கள் சிரிப்பார்கள் என்று என் கட்சியில் தடுத்தார்கள். தடுத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஒரு வருஷத்துக்குமேல் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள், அதற்குமேல் மறைக்க முடியாமல் போயிற்று. மத்தியான இடைவேளையில் துறைமுக வாசலுக்கு வந்து உன்னைத் தேடினேன். மதில் நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்திருந்தாய். நான் பார்த்ததையும் மறைத்ததையும் சொன்னேன். நீ சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"தெர்யும்" என்றாய். "நானும் அந்த வயியாத்தான வந்தேன். நானும் பாத்தேன்."

அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன்.

"நாலு பொட்டி இருந்தா ஜனம் நாலா பூடும். ஒண்ணு கொறைஞ்சா மூணு. எவனாவது ஒர்த்தன் மொதல்ல கொறைக்கணுமில்ல?" சோற்றைப் பிசைந்தாய். "நீ நெஜம் சொல்றியான்னு பாக்கத்தான் உன்ன கேட்டேன். நீ நெஜத்த சொன்னாகூட போட்டிருப்பேன். நீ சொல்லல. அதான் பேஜாரா பூச்சு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்கு வந்தேன். வேண்டாம் என்றாய், கேட்கவில்லை. கோயில் முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீ ஒரு ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்தபின் குப்பத்துத் தலைவர் உன் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப அவன் எங்கள விக்கல. நீதான் அவன வித்துகீற" என்றார். ஆமாம் என்றேன். ஓரிருவர் என்னை அடிக்க எழுந்தார்கள். அவர் கையைக் காட்டி உட்காரவைத்தார்.

திரும்பும்போது உன் மனைவி வழியில் நின்றிருந்தார். "ஒரு வருசம்ணா. ஒரு வருசமா மார்க்கெட்ல எம்பக்கத்துல எவளும் கூடை வெக்கல" என்றார். நான் நகரப் போனதும், "வெயில்ல வந்துகீற. தண்ணி குடிச்சுட்டு போ" என்று சொம்பை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

வலையில் உன் இடம் திரும்பக் கிடைத்தது. என் கட்சியில் என்னைப் பொறுப்புகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். யூனியனிலும் வேறு ஆளைப் போட்டார்கள். அதைச் சொன்னபோது நீ சிரித்துவிட்டு, அதற்குப் பிறகும் என்னை செக்ரட்ரி என்றே கூப்பிட்டாய். ஐந்து வருஷம் கழித்து அடுத்த தேர்தலிலும் மூன்று கட்சிகளும் தனித்தனியாக நின்று தனித்தனியாகத் தோற்றன. நாம் கரையில் உட்கார்ந்து இரண்டு கிழவிகள்போல அதைப் பேசித் தீர்த்தோம். நெஞ்சு வலிக்கிறது என்று நீ படுத்த மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. அன்று குப்பத்தில் ஒரு கட்டுமரம்கூடக் கடலில் இறங்கவில்லை. பெரிய வலைக்காரர்கள்தான் உன்னைத் தூக்கினார்கள். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை.

இப்போது கார்ப்பரேஷன் தேர்தலில் வார்டுகளைப் பிரித்துக்கொள்ள, கட்சிகளுக்கு நடுவே என்னைத் தூது போகச் சொல்கிறார்கள். எந்தக் கட்சியிலும் பொறுப்பில்லாத ஆள் என்பதால் மூன்று கட்சிக்காரர்களும் என்னை உள்ளே விடுகிறார்கள். போன வாரம் ஒரு கூட்டம். வியாசர்பாடிக்காரர் ஒருவர், ரயில்வே தொழிலாளி, தன் வார்டை விட்டுக்கொடுக்கச் சம்மதித்துப் பேனாவைக் கையில் எடுத்தார். அவருக்குப் பதிலாக வேறொரு வார்டை விட்டுத் தருவதாகச் சொன்னவர்கள், அங்கே ரகசியமாக ஒரு ஆளைத் தயார்செய்து வைத்திருப்பது எனக்குத் தெரிந்திருந்தது. கையெழுத்துக்கு முன்னால் எல்லோர் எதிரிலும் அதைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கூடி வந்ததை உடைத்துவிட்டாயே என்று மற்றவர்கள் என்னை ஏசினார்கள். உடைத்தது நான்தான். மறுக்கவில்லை.

அந்த ரகசிய ஆளை விலக்கச் சொல்லி நான்கு நாளாக அலைந்தேன். நேற்று விலக்கிவிட்டார்கள். அவரை மறுபடி கையெழுத்துக்கு அழைக்க நாளைக் காலையில் வியாசர்பாடிக்குப் போகிறேன். அவர் கதவைத் திறந்ததும், இன்னும் எதையாவது மறைத்து வைத்திருக்கிறாயா என்றுதான் கேட்பார். இல்லை என்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார். நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.