சுக்கானியின் வாய்

அன்புள்ள மகனுக்கு,

முதல் தாளில் 'அன்புள்ள' என்ற சொல்லை விட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டதால் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தத் தாளில் சேர்த்திருக்கிறேன். சேர்த்துவிட்டதால் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். 'நலமாக' என்று எழுத வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. உன் தங்கை வேலைக்குப் போய் வருகிறாள். உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். "அண்ணன் போன் பண்ணினான்" என்று நான் சொன்னதற்கு, "எந்த அண்ணன்? கேப்டன் பேசினார்னு சொல்லுங்கப்பா" என்றாள். மாப்பிள்ளை மாடி அறையில் இருக்கிறார். சும்மா உட்கார முடியாமல் வீட்டிலுள்ள கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டுவிட்டார். இப்போது எந்தக் கதவும் கிறீச்சிடுவதில்லை. யார் வருகிறார், யார் போகிறார் என்றே தெரியவில்லை.

அவருடைய கப்பல் வேலைச் சான்றிதழைப் பறிக்கப் போகிறார்கள். அதோடு விடமாட்டார்கள், கப்பல் மோதி ஒரு மனிதர் செத்திருப்பதால் வழக்கும் வரும், சிறைக்கும் போக நேரலாம் என்று வக்கீல் சொல்கிறார். உனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் போன வாரம் என்னிடம், "அப்பா, விசாரணை விஷயத்துல நீங்க தலையிடக் கூடாது. யார் வந்து கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லணும். புரிஞ்சுதா?" என்றாய். நானும் "புரிஞ்சுதுப்பா" என்றேன். போனை வைத்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. எதிரேயோ போனிலோ ஆள் இருந்தால் எனக்கு நாக்கு எழாது. அது உனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். அந்தப் 'புரிஞ்சுது'வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நான் கப்பல் ஏறாதவன். கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக் காலம் கழித்தவன். எனக்குத் தெரிந்த மட்டில் வரிசையாகச் சொல்கிறேன். தவறு இருந்தால் திருத்து.

உன் கப்பலில் மாப்பிள்ளையைச் சுக்கான் பிடிக்கும் சுக்கானியாகச் சேர்த்துவிட்டது நீதான். அதற்கு முன்னால் அவர் தேர்வுக்குப் படித்த நாட்கள் உனக்குத் தெரியாது, நீ கடலில் இருந்தாய். ஆங்கிலம் என்றால் அவருக்கு வேர்க்கும். உன் தங்கைதான் சமையலறையில் நின்றுகொண்டு கேப்டனாக இருந்தாள். இவர் இட்லிப் பானை மூடியைச் சுக்கான் சக்கரமாகப் பிடித்துக்கொள்வார். அவள் அடுப்பைப் பார்த்தபடியே "போர்ட் டென்" என்பாள். இவர் "போர்ட் டென்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு மூடியை இடப்பக்கம் திருப்புவார். திருப்பி முடித்ததும் "வீல் இஸ் போர்ட் டென்" என்று இன்னொரு தடவை சொல்வார். ஒருநாள் பால் பொங்கி வழிந்தபோது அவள் "மிட்ஷிப்ஸ்! மிட்ஷிப்ஸ்!" என்று கத்தினாள். இவர் அடுப்பை அணைக்காமல் மூடியை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "மிட்ஷிப்ஸ்" என்று நிமிர்ந்து நின்றார். அம்மா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. "உங்க மாப்பிள்ளைக்கு வீடு எரிஞ்சாலும் ஆர்டர் வந்தாத்தான் கை நகரும்" என்றாள்.

அப்போது அந்த மொழியை எனக்குப் பிடிக்கவில்லை. தயவுசெய்து இல்லை, நீங்கள் இல்லை, சார் கூட வேண்டியதில்லை. பக்கமும் அளவும் மட்டும்தான். எந்த நாட்டுக்காரன் எந்த நாட்டுக்காரனுக்குச் சொன்னாலும் ஒரே சொல். மச்சானும் மாப்பிள்ளையும் அங்கே கிடையாது. என்ன வறட்டு மொழி என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்ததில் வேறொன்று புரிந்தது. சொல்கிறவனுக்கு நாக்குப் பிறழலாம், கேட்கிறவனுக்குக் காது பிசகலாம், கை தவறலாம் என்று தெரிந்த யாரோ செய்து வைத்த மொழி அது. அதனால்தான் கேட்டதை உடனே உரக்கத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள். சொன்னவன் தன் வார்த்தையை அடுத்தவன் வாயிலிருந்து கேட்க வேண்டும். தவறாக இருந்தால் அங்கேயே மாற்ற வேண்டும். அந்த மொழியில் சுக்கானிக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் இல்லை. கேப்டன் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் உரிமை ஒன்றுதான் அவனுக்கு உண்டு.

அந்த ஒன்றையும் நீ பிடுங்கிக்கொண்டாய்.

கடைசி விடுமுறையில் நீங்கள் இருவரும் சேர்ந்து வந்தீர்கள். மதியச் சாப்பாட்டின்போது நீயே சொன்னாய்: "நம்ம மாப்பிள்ளை இருக்காரே, நான் ஒண்ணு சொன்னா அவர் ரெண்டு தடவை சொல்றார். அதுவும் அந்த உச்சரிப்புல. துறைமுகத்துக்குள்ள போற வரைக்கும் காதுல ரம்பம் போடுற மாதிரி இருக்கு. இனிமே வாயைத் திறக்கக் கூடாது, சொன்னதைச் செஞ்சா போதும்னு ஆர்டர் போட்டுட்டேன். இப்பத்தான் கப்பலை ஓட்டுற பிரிட்ஜ் ரூம்ல நிம்மதியா இருக்கு." உன் தங்கை, "அண்ணா, திருப்பிச் சொல்றதுதானே ரூல்?" என்று கேட்டாள். "ரூல் எல்லாம் புது ஆளுங்களுக்கும்மா. நானும் மாப்பிள்ளையும் ஒரே வீடு. நான் மூச்சு விட்டாலே அவருக்குப் புரியும்" என்றாய். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே உனக்குத் தண்ணீர் ஊற்றினார். நான், "அப்படிச் செய்யலாமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டேன். உன் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் பதில் சொல்லவில்லை.

சம்பவத்தன்று நடந்ததை மாப்பிள்ளை என்னிடம் சொல்லியிருக்கிறார். துறைமுக வாயிலை நெருங்கும்போது துறைமுகத்துக்குள் வழிகாட்ட ஏறும் பைலட்டை வரவேற்க இளைய அதிகாரி கீழே ஏணியருகே போய்விட்டார். பிரிட்ஜில் நீங்கள் இருவர் மட்டும். வலப்பக்கத்தில் மிதவையோடு கட்டிய சிறு படகில் ஒருவர் மிதவைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறார். நீ ஒரு காதில் ரேடியோவை வைத்துத் துறைமுகத்தோடு பேசிக்கொண்டே "ஸ்டார்போர்ட் டுவென்டி" என்கிறாய். நீ நினைத்தது இடப்பக்கம், போர்ட். வாயில் வந்தது வலப்பக்கம், ஸ்டார்போர்ட். மாப்பிள்ளைக்குக் கை தயங்குகிறது. "மச்சான் வேற ஏதோ கணக்கு வச்சிருக்கார்னு நினைச்சேன் மாமா. கேட்டா மறுபடியும் கிளிப்பிள்ளைம்பார்னு பயம்" என்றார். வாயை மூடிக்கொண்டு வலப்பக்கம் திருப்பிவிட்டார். நீ நிமிர்ந்து பார்த்து, முழுக்க இடப்பக்கம் திருப்பச் சொல்லி "ஹார்ட் எ போர்ட்" என்று அலறியபோது கப்பல் அத்தனை சீக்கிரம் கேட்கிற பிராணியாக இல்லை.

நாக்குப் பிறழ்ந்ததற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை நன்றாகப் படித்துக்கொள். மனிதனுக்குப் பிறழும். எனக்குத் தினமும் பிறழ்கிறது. என் கோபம், நீ விசாரணையில் எழுந்து நின்று சொன்னதன்மேல். "நான் போர்ட் என்று சொன்னேன். சுக்கானி திருப்பிச் சொல்லாமல் ஸ்டார்போர்டில் திருப்பிவிட்டார். திருப்பிச் சொல்லக் கூடாது என்று எந்தக் கேப்டனாவது சொல்வானா?" என்று கேட்டாயாம். மாப்பிள்ளையை எழுப்பி, விதி தெரியுமா என்றார்கள். தெரியும் என்றார். ஏன் திருப்பிச் சொல்லவில்லை என்றார்கள். கேப்டன் தடுத்திருந்தார் என்றார். ஆதாரம் உண்டா என்றார்கள். உன்னைப் பார்த்தாராம். நீ மேசையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாயாம்.

பேச்சைப் பதிவுசெய்யும் கருவி கப்பலில் இருக்கிறது, விபத்து நடந்தால் கேப்டன் பொத்தானை அழுத்திக் காப்பாற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் பழைய பேச்சு அழிந்துவிடும் என்கிறார்கள். பதற்றத்தில் அழுத்த மறந்தேன் என்று சொல்லியிருக்கிறாய். மறந்திருக்கலாம். அதை நம்பப் பார்க்கிறேன். முழு மனதோடு நம்ப முடியவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வெளியே வராந்தாவில் செத்தவரின் மனைவி மாப்பிள்ளையை நிறுத்தி, "அவர் இருந்த படகு உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று கேட்டிருக்கிறார். தெரிந்தது என்று எப்படிச் சொல்வார்? வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது உன்மேல் கூட அவர் கோபப்படுவதில்லை. "நான் வாயைத் திறந்திருக்கணும் மாமா" என்பதோடு சரி. உனக்குப் பதிலாக அவர் கோபத்தைத் தன்மேல் திருப்பிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உன்னை அறைய வேண்டும் போலிருக்கிறது. உன்னைச் சிறுவயதில்கூட நான் அடித்ததில்லை.

என் நினைவில் எனக்கே நம்பிக்கை குறைவு. வயதாகிவிட்டது, மாப்பிள்ளைமேல் இரக்கப்பட்டு நானே கட்டிச் சொல்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. ஆகவே நான் நினைத்திருப்பதைச் சொல்லாமல், அந்த மதியச் சாப்பாட்டைப் பற்றி உன் தங்கையைத் தனியாகவும் அம்மாவைத் தனியாகவும் கேட்டேன். உன் தங்கை எனக்கு நினைவில்லாததையும் சேர்த்துச் சொன்னாள். நீ மாப்பிள்ளையின் குரலைப் போலவே பேசிக் காட்டினாய் என்றாள். அம்மா, "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "அவன் அப்படிப் பேசிக் காட்டிட்டுச் சிரிச்சுப் புரையேறினப்போ நான்தான் தலையைத் தட்டிவிட்டேன். அது மட்டும்தான் தெரியும்" என்றாள். பிறகு அழுதாள். "பெத்த பிள்ளையையா மாட்டிவிடப் போறீங்க? அவன் கேப்டனாக எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "மாப்பிள்ளைக்கு வேற வேலை பார்த்துக் கொடுத்துடலாம்" என்றாள். சிறைக்குள் என்ன வேலை பார்த்துக் கொடுப்பாய் என்று கேட்டுவிட்டேன். அப்படி அவளிடம் நான் பேசியதே இல்லை. இரண்டு நாளாக என் தட்டைச் சத்தமாக வைக்கிறாள்.

நேற்று விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதைப் பேருந்தில்தான் கவனித்தேன். வாசலில் நின்று, திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். உள்ளே ஒரு எழுத்தர். சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். "சுக்கானிக்கு நீங்க என்ன உறவு?" என்றார். மாமனார் என்றேன். "பெரியவரே, மாப்பிள்ளையைக் காப்பாத்த மாமனார் வந்து நின்னா யார் நம்புவாங்க? வெயில்ல எதுக்கு அலையறீங்க, வீட்டுக்குப் போங்க" என்றார். நல்ல மனிதர்தான். நானும் சரி என்று எழுந்துவிட்டேன். கதவு வரைக்கும் போனவன் திரும்பி வந்து, "கேப்டனுக்கு அப்பா" என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எழுந்து, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்த நாற்காலியில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தேன். பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை விசாரணை மறுபடி கூடுகிறது. முதலில் உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று எழுத்தர் சொன்னார். அதனால்தான் உனக்கு இதை அவசரமாக அனுப்புகிறேன். உனக்குத் தெரியாமல் உன் முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று இருக்கக் கூடாது. நீ எழுந்து, நான்தான் பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன், நான்தான் பக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டால், என்னைக் கூப்பிட வேண்டிய தேவை இராது. உன் பதவி போகும். சம்பளம் போகும். இன்னும் மோசமாகவும் ஏதாவது வரலாம். அதை நான் லேசாக எழுதவில்லை. ஆனால் அது நீ செய்ததற்கு உனக்கு வருவது. இப்போது நடப்பது, நீ செய்ததற்கு இன்னொருவருக்கு வருவது. வெகு நேரம் யோசித்தும் இதற்கு மறுப்பாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்தால் சொல்.

நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன். பயந்துகொண்டேதான் சொல்வேன். ஆனால் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. கம்பெனி விடுதியில் தங்காதே. உன் அறையை அம்மா பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையும் இங்கேதான் இருப்பார், உன் தங்கையும் இருப்பாள். யார் உன்னோடு பேசினாலும் பேசாவிட்டாலும் சாப்பாடு உண்டு. காலையில் விசாரணைக்கு நானும் உன்னோடு வருகிறேன். ஒரே ஆட்டோவில் போகலாம்.

உனக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். அந்த ஆயுளில் மாப்பிள்ளையின் முகத்தை நேரே பார்க்கும் தைரியமும் சேர்ந்து கிடைக்கட்டும். திங்கட்கிழமை எழுந்து நிற்கும்போது குரல் நடுங்கினால் வெட்கப்படாதே, பின்வரிசையில் உனக்குத் தெரிகிற இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

என் பெயரைக் கூப்பிட வைத்துவிடாதேப்பா.

இப்படிக்கு,
உன் அப்பா