பெட்டிக்குள்ளேயே வயதான போன்

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. இடையிடையே தூறல். துணி காயவில்லை.

நான் எதையும் அமுக்கிக் கெடுக்கவில்லை. வேறு யாரிடமும் சொல்லிப் பயனில்லை, ஆகவே இங்கே. காலையில் பால் எடுக்கப் போனபோது எதிர்வீட்டு ருக்மணி கேட்டில் சாய்ந்துகொண்டு, "ஏனுங்கக்கா, போன்ல எதையோ அமுக்கிக் கெடுத்துப்போட்டீங்களாமா? கவிதா சொல்லுச்சு. வயசானா கை அப்படித்தானுங்க" என்றாள். கவிதா என் மருமகள். ருக்மணி என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள்.

நடந்தது இது. சனிக்கிழமை காலை சர்க்கரை ஆப்பைத் திறந்தேன். என் மேற்கையில் ஒட்டியிருக்கும் சென்சார் அளப்பதைக் காட்டுவது அதுதான். 'இந்த போனில் இனி இயங்காது, மென்பொருளைப் புதுப்பியுங்கள்' என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு. செட்டிங்ஸுக்குப் போனேன். 'உங்கள் போன் புதுப்பித்த நிலையிலேயே உள்ளது' என்றது. ஒன்று புதுப்பி என்கிறது, மற்றது புதுப்பிக்க ஒன்றுமில்லை என்கிறது. இரண்டையும் இரண்டு தடவை படித்தேன். கான்வென்ட்டில் பிரம்போடு சொல்லிக்கொடுத்த ஆங்கிலம். தப்பாகப் படிக்க மாட்டேன்.

போனில் ஒரு கீறல் கிடையாது. சார்ஜ் நாள் முழுக்க நிற்கிறது.

விரலில் குத்திப் பார்த்தது, காலை 138. குத்தும் ஊசி தீரப்போகிறது. வாங்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்ற மறக்காமல்.

ஜூலை 15, செவ்வாய்

முருங்கைக் கிளை ஒன்று காற்றில் முறிந்தது. வேலைக்கு வரும் சரசு கீரையை உருவிக்கொண்டு போனாள்.

மாலை பிரபு சரவணம்பட்டியிலிருந்து நேராக வந்தான். ஆபீஸ் அட்டை கழுத்திலேயே. ஒரே மகன், அவனே மென்பொருள் கம்பெனியில். போனை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"போன் பழசாயிருச்சுங்கம்மா. கம்பெனிக்காரன் அப்டேட்டை நிறுத்திட்டான். ஆப்காரனும் கைவிட்டுட்டான்."

"மூணு வருஷம் பழசா? உன் கல்யாணத்துக்கு வந்த மிக்சியில இன்னிக்குக்கூட சட்னி அரைச்சேன்."

"மிக்சிக்குள்ள திருடன் வரமாட்டானுங்கம்மா. இதுல புதுசு புதுசா ஓட்டை கண்டுபுடிப்பாங்க, அடைக்க ஆளு வேணும். எத்தனை வருஷத்துக்குத்தான் அடைச்சுட்டே இருப்பாங்க?"

நியாயமான பதில். ஒப்புக்கொண்டேன். அடுத்துச் சொன்னதுதான் உறுத்துகிறது.

"போனை விடுங்க, புதுசு வாங்கிக்கலாம். நாலு நாளா உங்க சர்க்கரை எனக்கு வரலீங்க. தூக்கமே இல்ல. பேசாம எங்ககூட நம்மூட்டுக்கு வந்துருங்களே."

"நம்மூடு இதுதான் சாமி."

கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான்.

மார்ச்சில் சர்க்கரை இறங்கி அடுப்படியில் விழுந்து கிடந்தேன். சரசு வந்துதான் பார்த்தாள். அதன் பிறகு எனக்கும் அவனுக்கும் ஓர் ஒப்பந்தம். கையில் சென்சார். என் அளவு அவன் போனுக்கும் போகும், இறங்கினால் அங்கே மணி அடிக்கும். அது இருக்கும்வரை நான் இங்கே தனியாக இருக்கலாம். இப்போது ஆப் இல்லை. ஒப்பந்தமும் இல்லையா? நான் கேட்கவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

ஜூலை 17, வியாழன். ஆடி பிறந்தது

இன்று செய்தித்தாளைவிட அதனுள் வந்த தள்ளுபடி நோட்டீஸ்கள் கனம்.

பழைய பெட்டிகளை நான் எறிவதில்லை. போன் வந்த பெட்டியை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் தயாரித்த மாதம். நாங்கள் வாங்கியதற்கு ஒன்றரை வருடம் முந்தியது! ருக்மணி வீட்டுக் கம்ப்யூட்டரில் கம்பெனியின் பக்கத்தைத் தேடிப் படித்தேன். (அவள் என் தோளுக்கு மேல் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.) அந்த மாடலுக்கு அப்டேட் நான்கு வருடம். மாடல் வெளிவந்த நாளிலிருந்து. நான் காசு கொடுத்த நாளிலிருந்து அல்ல.

எங்கள் குடும்பத்தில் பெரிய சாமான் எதுவும் ஆடித் தள்ளுபடியில்தான். கிரைண்டர், பீரோ, பட்டுச்சேலை எல்லாம். இருப்பைக் கழிக்கத்தான் கடைக்காரர் ஆடியில் குறைத்துக் கொடுக்கிறார், அது எல்லோருக்கும் தெரியும். கடை அலமாரியில் ஒரு வருடம் மடித்து வைத்திருந்த சேலை அதனால் ஒரு வருடம் குறைவாக உழைக்காது. போனையும் அப்படி நினைத்து, நானும் பிரபுவும் கெட்டிக்காரத்தனம் என்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு வாங்கி வந்தோம். சீல் பிரிக்காத பெட்டி. உள்ளே அதற்கு வயது ஏறிக்கொண்டிருந்தது.

மென்பொருள் படித்தவனுக்கும் அன்று தோன்றவில்லை. இதைக் கவிதாவிடம் யார் சொல்வது.

ஜூலை 18, வெள்ளி

வெண்டைக்காய் முற்றல். திருப்பி அனுப்பினேன்.

நேற்றிலிருந்து மனதுக்குள் வாதம். நம் பட்டறையில் மோட்டார் பம்பு செய்தோம். ஒரு மாடலை நிறுத்திய பிறகும் அதன் அச்சுகளைப் பிரபுவின் அப்பா எறிய விட்டதில்லை. பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் பத்து வருடம் கழித்து வந்து கேட்டாலும் வார்த்துக் கொடுத்தோம். மோட்டார் பழசு, இனி உமக்குத் தண்ணீர் கிடையாது என்று யாரையும் அனுப்பியதில்லை.

ஆனால் பம்புக்குத் திருடன் வரமாட்டான், பிரபு சொன்னது சரிதான். என்றென்றைக்கும் அடைத்துக்கொண்டிரு என்று நான் கேட்கவில்லை. எந்த மாதம் வரை என்று பெட்டியின் மேல் போடு. மாத்திரை அட்டையில் போடுகிறார்கள். பார்த்து வாங்குவேன், அல்லது வாங்க மாட்டேன்.

காலை 121. மாலை கொஞ்சம் தலைசுற்றல். வெல்லம் வாயில் போட்டுக்கொண்டேன். பிரபுவிடம் சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

கிராஸ்கட் ரோட்டில் போன் கடை. ஆடிக் கூட்டம், ஒலிபெருக்கி, கரும்புச்சாறு வாசனை. சீருடை போட்ட விற்பனையாளர் ஒரு போனை நீட்டினார்.

"இதுக்கு ஏழு வருஷம் அப்டேட் வருமுங்க மேடம்."

"எந்த நாள்ல இருந்து ஏழு?"

"வாங்குன நாள்ல இருந்துதானுங்க."

"தெரியுமா, இல்ல நினைக்கிறீங்களா?"

உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். "மாடல் வந்த நாள்ல இருந்தாமுங்க. ஆனா இது போன மாசம் வந்ததுங்க, கவலையே வேண்டாம்."

"அப்ப என்னிக்கு முடியுதுன்னு பில்லுல எழுதிக் குடுங்க."

"பில்லுல அதெல்லாம் வராதுங்க மேடம்."

"ரொட்டிப் பாக்கெட்டுல வருது."

எனக்குப் பின்னால் நின்ற பெண் தன் கணவரிடம், குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, "ஏழு வருஷம் பத்தாதாமா அந்தம்மாவுக்கு. அதுவரைக்கும் இருக்கோணுமில்ல" என்றாள். அவர் சிரித்தார்.

நான் திரும்பவில்லை. தள்ளுபடி இல்லாத மாடல். வாங்கினேன். ஆட்டோவில் பில்லை இரண்டு தடவை படித்தும் மனதில் ஏறவில்லை. சர்க்கரையோ என்று வீட்டுக்கு வந்ததும் குத்திப் பார்த்தேன், 154. காரணம் சர்க்கரை இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

புதுப் போனில் ஆப் இறங்கியது. நானே செய்தேன், யாரும் வரவில்லை. புதுச் சென்சார் ஒட்டினேன். பதினொரு மணிக்கு என் அளவு பிரபுவுக்குப் போய்விட்டது. கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினான். வார்த்தை இல்லை. இருந்தாலும் நிம்மதி. மதியம் நன்றாகத் தூங்கினேன்.

ருக்மணியிடம் கேட்டில் நின்றே சொல்லிவிட்டேன், போன் ஓடுகிறது, கை சரியாகத்தான் இருக்கிறது என்று.

ஜூலை 22, செவ்வாய்

வெயில். பல் டாக்டரிடம் போய்வந்தேன். திரும்பினால் சரசு வாசலிலேயே நிற்கிறாள்.

"அம்மா, ரெண்டு பேரு ஊடு பாக்க வந்தாங்க. கவிதாம்மா அனுப்புனாங்களாமா. ஆடி கழிஞ்சு ஆவணில காலியாகுதுன்னு சொன்னாங்க. கூடத்தை அளந்துட்டுப் போனாங்க. நீங்க எங்கீங்கம்மா போறீங்க?"

"எங்கேயும் போகல. நீ பாத்திரத்தைக் கழுவு."

கூடத்தில் சோபா ஒரு சாண் நகர்ந்திருந்தது. அளப்பதற்காக. நகர்த்தி வைத்தேன்.

வீட்டைப் பிரபு பெயருக்கு மாற்றியது நான்தான். அவர் காலமான வருடமே, யாரும் கேட்காமல்.

மதியம் சாப்பிடவில்லை, பிறகு அளவு இறங்குமே என்று சாப்பிட்டேன். இறங்கினால் அங்கே மணி அடிக்கும், அதுவும் ஒரு காரணமாகும்.

நாளை தபாலில் சேர்க்க வேண்டியது, இங்கே நகல்:

பிரபு,

புதுப் போன் வேலை செய்கிறது. என் அளவு உனக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் என் பக்கம் குறையில்லை. அப்படியிருந்தும் இன்று வீடு பார்க்க ஆள் வந்தார்கள். ஆகவே போன் காரணம் அல்ல. நான் இந்த வீட்டில் எது வரை இருக்கலாம் என்று நீயும் கவிதாவும் முடிவு செய்திருந்தால், அது எந்த நாள், எப்போது முடிவு செய்தீர்கள், என்னிடம் ஏன் சொல்லவில்லை? நேரில் வந்து சமாதானம் பேச வேண்டாம், போன் வேண்டாம். தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதில் அனுப்பு.

அம்மா