கதிர் பிடித்த சிங்கம்

இன்று காலை கவுன்சில் ஆட்கள் புதிய குப்பைத்தொட்டி ஒன்றை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். புதுப் பிளாஸ்டிக் மணம் இன்னும் போகவில்லை. முன்பக்கத்தில் பழையதில் இருந்த அதே கவுன்சில் சின்னம்: கேடயத்தில் ஆறும் ஆலைச் சக்கரமும், மேலே எழுந்து நிற்கிற சிங்கம். யோசிக்காமலே தொட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். நீங்கள் இறந்துபோன பிறகு யாருக்காகத் திருப்புகிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. படியில் உட்கார்ந்து அழுதேன்.

பழைய தொட்டியை நீங்கள் அப்படித்தான் வைப்பீர்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் அதை ஏதோ தமிழர் சாத்திரம் என்றே நினைத்திருந்தார். தொட்டிக்கும் வெட்கமோ என்று நான் பகிடி பண்ணினால் நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். ஊரில், தொப்பியில் வாள் பிடித்த சிங்கம் பதித்த இராணுவத்தினர் வந்து உங்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனபோது வாசலில் நின்று பார்த்தவர் நீங்கள். அவனைப் பற்றிப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

எங்கள் இருவருக்கும் பிரிட்டிஷ் பிரஜாவுரிமை சரிவந்தபோது, சென்னையில் படுக்கையாகிவிட்ட உங்கள் அம்மாவை, என் மாமியை, இனிப் போய்ப் பார்க்கலாம் என்று வீடே கலகலத்தது. பாஸ்போர்ட்டுக்கு முதல் கவுன்சில் மண்டபத்தில் மேயர் முன்னால் உறுதிமொழி எடுக்கவேண்டும். நீங்கள் வேலை செய்த ஸ்ட்ரெதம் கடையில் ஷிப்ட் மாற்றி, டை கட்டி வந்தீர்கள். மண்டப வாசலில் நின்றுவிட்டீர்கள். மேடைக்கு மேலே, மரத்தில் செதுக்கி, ஆள் உயரத்துக்கு அந்தச் சின்னம்.

"நீர் போம். நான் வரேல்லை," என்றீர்கள். பயமா என்று கேட்டேன். "பயமில்லை. உதுக்குக் கீழ நிண்டு சத்தியம் செய்தா, தம்பியை விட்டுக்குடுத்த மாதிரி."

எனக்குக் கோபம்தான் வந்தது. மாமியின் முகம் ஒருபுறம், உங்கள் முகம் ஒருபுறம். என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போனேன். மண்டபத்துக்குப் பொறுப்பான பெண் வந்தவர்களுக்குச் சின்னத்தை விளக்கிக்கொண்டிருந்தார். ஆறு எல்லைக்கு, சக்கரம் பழைய ஆலைகளுக்கு. சிங்கத்தின் கையில் என்ன என்று கேட்டேன். கோதுமைக் கதிர் என்றார். ஒரு காலத்தில் இங்கெல்லாம் வயலாம், லண்டனுக்கு மாவு இங்கிருந்துதான் போனதாம்.

வெளியே ஓடிவந்து உங்களிடம் சொன்னேன்.

"வாள் இல்லையோ?"

"இல்லை. கதிர்தான் பிடிச்சிருக்கு. வந்து பாருங்கோ."

நெடுநேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றீர்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தீர்கள். எல்லோரும் சேர்ந்து உறுதிமொழி சொன்னபோது உங்கள் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. மேயர் கைகொடுத்தபோது தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

சென்னையில் மாமி அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கி அட்டையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். அதில் இங்கிலாந்துச் சிங்கம்.

"இதிலையும் சிங்கமோ, மோனை?"

"ஓம் அம்மா," என்றீர்கள். "ஆனா இது எங்களை உள்ளுக்கு விட்டது."

மாமி பாஸ்போர்ட்டை உங்கள் கையில் திருப்பி வைத்தார். நாங்கள் அங்கிருந்த நாளெல்லாம் நிம்மதியாகத் தூங்கினார். நீங்கள்தான் தூங்கவில்லை. திரும்பி வருகிற விமானத்தில், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "தம்பி மன்னிப்பானோ?" என்று கேட்டீர்கள். நான் போர்வையை இழுத்து உங்களுக்குப் போர்த்திவிட்டேன்.

நீங்கள் விட்டுப்போனவற்றில் எனக்கு மிகவும் பாரமானது அந்தக் கேள்விதான். அவன் நீங்கள் போன இடத்தில் இருந்தால் நீங்களே அவனிடம் கேட்டிருப்பீர்கள். இல்லை, எங்கேயோ உயிரோடு இருந்து ஒரு நாள் இந்தக் கதவைத் தட்டினால், உங்களுக்காக நான் கேட்பேன்.