நீலச் சட்டையில் அடித்த கோல்

மச்சான், புது ஃப்ளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு. பெயிண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கொரட்டூர் மைதானத்தில் அப்படி ஒன்றை விரித்தார்கள். நீ செத்துப்போய் ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் உன் பேரில் கால்பந்துப் போட்டி நடத்துகிறார்களாம். குனிந்து பார்த்தேன்.

ஆள் உயரத்துக்கும் மேலே நீ ஓடிவருகிறாய். வாய் ஆவென்று திறந்திருக்கிறது, வலது கை தலைக்கு மேலே வளைந்திருக்கிறது. அந்தப் படத்தை எனக்குத் தெரியாதா? அதை எடுத்தபோது நீ ஓடிவந்தது என்னைப் பார்த்துத்தான். அன்றைக்கு நீ போட்டிருந்தது ஆவடி அணியின் நீலச் சட்டை. ஃப்ளெக்ஸில் அதைக் கம்ப்யூட்டரில் நம் கிளப்பின் சிவப்பாக்கி வைத்திருக்கிறார்கள். பின்னால் சேற்றில் விழுந்து கிடக்கும் நம் ஆளும் சிவப்பு, நீயும் சிவப்பு. கூட ஆடுகிறவனையே தள்ளிவிட்டு ஓடிவருகிறவன் போல இருக்கிறாய்.

செல்வத்தைப் பிடித்தேன். அவன்தான் இப்போது நம் கிளப்புக்குச் செயலாளர்.

"இன்னாடா இது, சட்டை கலரு மாறி கீது?"

"உடு மாமே. வேற நல்ல போட்டோ எதுவும் கெடைக்கல. செத்தவரை எதிர் டீம் சட்டையிலியா மாட்டி வெக்கிறது?"

"எதிர் டீமுக்குத்தானேடா ஆடுனான்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? சாயங்காலம் கூட்டத்துல நீதான் மொதல்ல பேசணும். அவரு சம்சாரம் வேற வராங்கோ. நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு உக்காரு."

நல்லதாக நாலு வார்த்தை. உன்னைப் பற்றி. என்னிடம் கேட்கிறான்.

உனக்குத் தெரியும், நான் ஒரு நாளும் பந்து ஆடியவனில்லை. கோட்டுக்கு வெளியே நின்று கத்தினவன். நீ நம் சிவப்புச் சட்டையில் ஆடிய வருஷங்களில் ஒரு ஆட்டம் விடாமல் கத்தினேன். தொண்டை கட்டிப்போய்த் திங்கட்கிழமை பட்டறையில் சைகையில் பேசியிருக்கிறேன். பிறகு ஆவடித் தொழிற்சாலை அணியில் கூப்பிட்டார்கள், கூடவே நிரந்தர வேலையும் கொடுத்தார்கள். நீ போனாய். அதை நான் குற்றம் சொன்னதே இல்லை. வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா? உன்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்ததும் நான்தான். கொரட்டூரிலிருந்து ஆவடி போகிறவனை வழியனுப்ப என்ன இருக்கிறது, ஆனாலும் வந்தேன்.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் அடுத்த வருஷம் ஆவடி நம்மோடு ஆடிய ஆட்டத்தில்தான். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். நம் மைதானம் சேறாகிக் கிடந்தது. நாங்கள் நின்ற கோட்டோரமாகத்தான் உனக்குப் பந்து வந்தது. "துரோகி" என்று எவனோ கத்தினான். நெஞ்சில் வாங்கிக் கீழே இறக்கினாய். இறக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஆட்டத்துக்கு நடுவில் எவனாவது வேடிக்கை பார்க்கிறவனைப் பார்ப்பானா? நீ பார்த்தாய். நம் ஆள் ஒருவன் காலை நீட்டி வழுக்கி விழுந்தான். நம் கோல்கீப்பர் பாபு ஆவேசமாக முன்னால் ஓடிவந்துவிட்டான். அதைத்தான் எதிர்பார்த்தவன் போல, அங்கிருந்தே பந்தைச் செருப்பில் மண் அள்ளுகிற மாதிரி அள்ளி மேலே தூக்கினாய். பாபு தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றான். பந்து அவனைத் தாண்டிப் போய்ச் சேற்றில் விழுந்து, எழும்பாமல், வழுக்கிக்கொண்டே கோலுக்குள் போனது.

அதோடு விட்டாயா? உன் ஆட்களிடம் போகவில்லை. நேராக என்னிடம் ஓடிவந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி, பந்து போன மாதிரி வளைத்து இறக்கிக் காட்டினாய். "இன்னா மச்சான், பாத்தியா?"

பார்த்தேன். அந்த மைதானத்தில் நான் பார்த்த கோல்களிலேயே அதுதான் பெரிய கோல். அதை எங்களுக்கு எதிராக அடித்தாய் படுபாவி.

அப்புறம் எத்தனை வருஷம் அந்தக் கையைக் காட்டினாய். அம்பத்தூரில் பஸ் ஜன்னலிலிருந்து காட்டினாய். என் பையன் கல்யாணத்தில், பந்தி நடுவில், சாம்பார் வாளிக்காரனுக்குப் பின்னாலிருந்து காட்டினாய். நீ பருத்திப்பட்டில் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது நான் வரவில்லை, அங்கேயும் காட்டுவாய் என்றுதான் வரவில்லை.

ஆனால் நம்மாட்களைப் பார். மைதானத்து வாசல் டீக்கடையில் ஞாயிறு தவறாமல் பழைய கோல்களைத்தான் பேசுகிறார்கள். தலையாலேயே அடித்தவன், கால் கட்டைவிரலால் பெனால்டி போட்டவன் என்று ஒவ்வொருவனாக இழுப்பார்கள். கோல் அடித்த தூரம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகும். அதை நானும் பொறுத்துக்கொள்வேன், நானும் கூட்டிச் சொல்கிறவன்தான். ஆனால் உன் கோலை என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? அதை நீ நமக்காக அடித்ததாகப் பேசுகிறார்கள். புதிதாகக் குடிவந்த ஃப்ளாட்டுக்காரப் பையன்களுக்குப் பாபு சொல்லிக்கொண்டிருக்கிறான்: "நான் உருட்டி உட்ட பந்து நைனா அது. அத எத்துகினு போயி அட்சான் பாரு, அவனுங்க கீப்பர் மரம் மாதிரி நின்னுகினு இருந்தான்."

மரம் மாதிரி நின்றவன் இவன். இவன் வாயில் அந்தக் கோல் எதிர்ப்பக்கம் போய்விட்டது. கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். அன்றைக்கு "துரோகி" என்று கத்தினவர்களும்தான். நீ எங்களை அழவைத்தது ஒன்றுதான் உண்மையாக நடந்தது, அதையும் துடைத்துவிட்டு உனக்கு மாலை போடுகிறார்கள். நான் உன்மேல் வைத்திருந்த கோபத்துக்கு அப்புறம் என்ன அர்த்தம்?

சாயங்காலம் மைக்கைக் கொடுத்தார்கள். முன் வரிசையில் உன் மனைவி உட்கார்ந்திருந்தாள். செல்வம் எனக்குக் கண்ணைக் காட்டினான். நான் ஃப்ளெக்ஸைக் கைகாட்டிச் சொன்னேன்: "இந்தச் சட்டை நீலம். இந்தக் கோலை இவன் நமக்கு எதிரா அடிச்சான். பந்து நம்ம பாபு தலைக்கு மேல போச்சு. அடிச்சிட்டு என் மூஞ்சிக்கு நேரா வந்து கையக் காட்டுனான். நான் இன்னும் அவனை மன்னிக்கல."

"செத்த மனுசனைப் பத்தி இப்டியாடா பேசுவே, நீ எல்லாம் ஒரு ஆளா" என்று பாபு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். செல்வம் மைக்கைப் பிடுங்கினான். நேராக உன் மனைவியிடம் போய், "தப்பா நெனச்சிக்காத தங்கச்சி" என்றேன்.

"எதுக்குண்ணே?" என்றாள். "ஊட்டுல அந்த ஒரு கோலைப் பத்திதான் ஓயாம பேசுவாரு. உங்க டீமுக்கு அட்ச்சதெல்லாம் அவருக்கு ஞாபகமே இல்ல. அன்னிக்கு உங்க மூஞ்சி எப்டி இருந்துச்சின்னு செஞ்சி காட்டி, தனியா உக்காந்து சிரிச்சிகினு இருப்பாரு. ஆஸ்பத்திரியில கூட சிரிச்சாரு."

கேட்டாயா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் மூஞ்சியைச் செய்து காட்டிச் சிரித்திருக்கிறாய். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்த வாரமாகத்தான் இருக்கும். வீடு வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன். நடுவில் எங்கேயோ அழுகை வந்தது, அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

மறுநாள் காலையில் கொரட்டூர் ஸ்டேஷன் ரோட்டில் பாபு ஸ்கூட்டரில் வந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு என்ன தோன்றியதோ, நடுரோட்டில் நின்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, மெதுவாக வளைத்து இறக்கினேன்.

"இன்னா பாபு, பாத்தியா?"

வண்டியை நிறுத்தி என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். அவன் மூஞ்சி அப்போது எப்படி இருந்தது தெரியுமா மச்சான்? உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.