தாளில் இல்லாத சத்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் தங்களுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில், தாங்கள் இங்கே மறந்துவிட்டுப் போன நீலநிற டூத் பிரஷ், என் ஷூவைத் தேய்க்கும் பணியில் இருந்தபோது இன்று காலை கழுத்து முறிந்து காலமானது. உடல் குப்பைக்கூடையில் வைக்கப்பட்டுள்ளது. அம்மா இன்னும் பார்க்கவில்லை.

அம்மா நலம். தையல் மிஷினை விட்டு எழுந்தால் முதுகு வலி, உட்கார்ந்தால் கண் வலி. "டாக்டரம்மா போன் பண்ணினாளாடா?" என்று என்னைத்தான் கேட்கிறாள். போன் அவள் மடியிலேயே இருக்கிறது.

இப்போது பெரிய செய்தி. உன் தம்பி நடிகனாகிவிட்டான். எதிர்வீட்டு மாமா வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷத்துக்காரர்களுக்குப் போன வாரம் செய்முறைத் தேர்வு, உனக்கு அடுத்த மாதம் உன் கல்லூரியில் வரப்போகிற அதே தேர்வுதான். நோயாளியாகப் படுக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார். எனக்குக் கிடைத்த நோய் குடல்வால் வீக்கம். எனக்கு வால் உண்டு என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். அது குடல்வரை போயிருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு தாள் கொடுத்தார்கள். வலி தொப்புளில் ஆரம்பித்து வலப்பக்கம் இறங்கியது, இரண்டு முறை வாந்தி, வேறு தொந்தரவு எதுவும் இல்லை. அழுத்தினால் முனக வேண்டும், கையை எடுத்தால் கத்த வேண்டும். ஒருவருக்குப் பத்து நிமிஷம், பிறகு மணி. நான் கத்திய கத்தலில் ஒரு அண்ணன் என்னிடமே மன்னிப்புக் கேட்டான். தேர்வு நடத்திய பெரிய டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

என் நடிப்புக்குப் பலியானது ஒரே ஒருத்தி. பதினொன்றாவதாக வந்த கண்ணாடி போட்ட அக்கா. நாடி பிடித்தவள் முகம் மாறியது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள், நகர்த்தினாள், உட்காரச் சொன்னாள், மறுபடி படுக்கச் சொன்னாள். "தம்பி, மாடி ஏறினா மூச்சு வாங்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள். வேறு தொந்தரவு இல்லை என்றுதானே தாளில் இருக்கிறது? இல்லை என்றேன். அதோடு விட்டேனா? "வயிறு இன்னும் கொஞ்சம் கீழ இருக்கு அக்கா" என்றேன். பெரிய டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் வயிற்றைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

போகும்போது பெரிய டாக்டரிடம், "சார், நெஞ்சுல ஒரு சத்தம் கேக்குது, நீங்க ஒரு தடவை கேளுங்க" என்று கெஞ்சினாள். அவர் என்னைப் பார்த்தார். "அவங்க இதயம் அடிக்கிறதுதான் சார் அவங்களுக்கே கேட்டிருக்கும்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மாலையில் அவள் வாசலில் எனக்காக நின்றிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு சீட்டைக் கொடுத்து, "அம்மாகிட்ட காட்டு, இதயத்துக்கு ஸ்கேன் எடுக்கணும். விளையாட்டா இருந்துடாதப்பா" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். அம்மாவிடம் காட்டவில்லை. காட்டினால் அடுத்த நிமிஷம் உனக்குப் போன் வரும், நீ பரீட்சையை விட்டுவிட்டு ஓடி வருவாய். இப்படி எழுதும்போது என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. அந்தச் சீட்டை எடுத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

முந்தாநாள் எதிர்வீட்டு மாமா சொன்னார், அந்தப் பெண் பெயிலாம். ஆறு மாதம் காத்திருந்து மறுபடி எழுத வேண்டுமாம். கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போக, இவள் மட்டும் விடுதி அறையைக் காலி செய்கிறாளாம். "நெஞ்சைக் கேட்டுக்கிட்டே நேரத்தை விட்டுட்டா" என்று மாமாவும் சிரித்தார்.

நேற்று பெரிய டாக்டரைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் அறை இரண்டாவது மாடியில். முதல் மாடித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்துக் கீழே இறங்கி வந்துவிட்டேன். பயந்துபோய்த் திரும்பினேன் என்று எழுதத்தான் ஆசை. பயமில்லை அக்கா, ஏற முடியவில்லை. நாலு மாதமாகவே இப்படித்தான். நம் வீட்டுப் படியில்கூட நடுவில் குனிந்து ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி நிற்கிறேன். அம்மா கண்டுபிடிக்கவில்லை. நான் உருப்படியாக நடித்தது அது ஒன்றுதான். குடல்வாலுக்கெல்லாம் யார் வேண்டுமானாலும் கத்திவிடுவார்கள்.

பெரிய டாக்டரின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முதலில் அவரிடம் பேசு, அந்தக் கண்ணாடி அக்கா சொன்னது சரி என்று சொல். அம்மாவிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். அடுத்த மாதம் உன் தேர்வில் கட்டிலில் படுத்திருப்பவன், நீ கேட்பதற்கு உண்மையைச் சொல்பவனாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் தம்பி