பதினோராவது கம்ப்யூட்டர்

அக்டோபர் 6, 2025, திங்கள்

ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் மானிட்டர்களின் மேல் அப்படியே இருக்கிறது. துடைக்க நேரமில்லை. காலையிலேயே மெயில் வந்துவிட்டது. நாங்கள் பிரேக் குழாய் அனுப்புகிற கார் கம்பெனி எழுதியிருக்கிறது: பழைய விண்டோஸுக்கு இந்த மாதம் பதினான்கோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும், அதற்குப் பிறகு அதில் ஓடும் கம்ப்யூட்டர் எதுவும் அவர்கள் நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. முப்பதாம் தேதி நேரில் வந்து பார்ப்பார்களாம்.

எங்களிடம் பதினொரு கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது நான்தான். பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுவேன். பதினோராவதுதான் பயம். லீக் டெஸ்ட் பெஞ்சோடு இருப்பது. ஒவ்வொரு குழாயிலும் காற்றை அடைத்து, கசிகிறதா என்று பார்த்து, பச்சையோ சிவப்போ காட்டுவது அதுதான். அதன் மென்பொருளை எழுதிய கம்பெனியே இப்போது இல்லை.

பிளான்ட் மேனேஜர் தணிகாசலம் சாரிடம் போய்ச் சொன்னேன். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே, "மாத்திடும்மா. லைன் நிக்கக் கூடாது. புது மெஷின் பேச்சே எடுக்காத" என்றார். எல்லாம் மாற்றியாயிற்று என்று ஒரு கடிதமும் வேண்டுமாம். என் கையெழுத்தில். அவர் கையெழுத்தில் இல்லை.

அக்டோபர் 8

பேச்சிராஜுக்கு ஃபோன் செய்தேன். அந்த பெஞ்சையும் அதன் மென்பொருளையும் செய்த கம்பெனியில் சர்வீஸ் ஆளாக இருந்தவர். அது மூடிய பிறகு ஒரகடத்தில் தனியாகத் தொழில் பார்க்கிறார். திருநெல்வேலிப் பேச்சு மட்டும் மாறவில்லை. "மாத்திராதீய மேடம். ஓடலன்னாக்கூடப் பரவால்ல. ஓடிச்சுன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். ஏன் என்று கேட்டேன். காரணம் சொல்லத் தெரியவில்லை, அப்படித் தோன்றுகிறது என்றார். தோன்றுகிறது என்பதை நான் எந்த மெயிலில் எழுதுவது?

அக்டோபர் 9

மாற்றாவிட்டால் ஆர்டர் போகும். மாற்றி, பெஞ்ச் நின்றுவிட்டால் லைன் போகும். இரண்டிலும் என் பெயர்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

சர்ச்சில் ஞாயிற்றுப் பூசைக்குப் போகவில்லை. கம்பெனிக்குப் போனேன். டிஸ்கை அப்படியே நகல் எடுத்து, பழையதைக் கழற்றி இழுப்பறையில் பூட்டிவிட்டு, நகலில் புது விண்டோஸ் ஏற்றினேன். நான்கு மணி நேரம். மென்பொருள் திறந்தது. நல்ல குழாய் ஒன்றைப் போட்டேன் – பச்சை. தினமும் காலையில் மெஷினைச் சரிபார்க்க, வேண்டுமென்றே ஓட்டை போட்டு வைத்திருக்கும் குழாயைப் போட்டேன் – சிவப்பு.

ஆளில்லாத ஷெட்டில் தனியாக நின்று சிரித்தேன்.

அக்டோபர் 13

லைன் ஓடுகிறது. சும்மா பயந்துகொண்டிருந்தாய் என்றார் சார். கடிதத்தை வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

எழுதக் கை வரவில்லை.

பெஞ்சில் வேலை செய்கிற இசைவாணி – கான்ட்ராக்ட் பெண், மூன்று வருடமாக அதே இடம் – டீ நேரத்தில் வந்து நின்றாள். "அக்கா, ஒண்ணு கேட்டா திட்ட மாட்டியே? அடுத்தடுத்த ரெண்டு பீஸுக்கு ஒரே நம்பர் வருது. புள்ளிக்கு அப்பால மூணு நம்பரும் அதேதான் கீது. நேத்தும் பாத்தேன். அப்டி வருமா?"

வராது.

இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நல்ல குழாய், ஓட்டைக் குழாய் என்று மாற்றி மாற்றி இருநூறு தடவை. ஓட்டைக் குழாய் மூன்று தடவை பச்சை காட்டியது. புரிந்துவிட்டது. புது விண்டோஸோடு அந்தப் பழைய மென்பொருள் ஒத்துப்போகவில்லை. எப்போதாவது சென்சாரிலிருந்து அளவை வாங்கத் தவறுகிறது. தவறினால் தவறினேன் என்று சொல்லாமல், முந்தைய குழாயின் அளவையே மறுபடி காட்டிவிடுகிறது. முந்தையது நல்லதென்றால் இதுவும் நல்லது.

பிரேக் குழாய். யாரோ நம்பிக் காலை வைத்து மிதிப்பார்கள்.

உடனே பழைய டிஸ்கை மாட்டினேன். செவ்வாய்ச் சரக்கும் இன்றைய சரக்கும் ஸ்டோரில் இருக்கின்றன. திங்கட்கிழமைச் சரக்கு மட்டும் நேற்றைய லாரியில் போய்விட்டது.

சார் கதவைச் சாத்தச் சொன்னார். ஸ்டோரில் இருப்பதை மறுபடி டெஸ்ட் பண்ணு என்றார். லாரியில் போனது என்று கேட்டேன். "போனது போச்சு. காலைல ஓட்டை பீஸ் செக் பண்ணோம், சிவப்பு வந்துது, ரெக்கார்டு இருக்கு. நீ ஏன் வாயத் தொறக்கணும்?" இந்த ஒரு கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டு, உண்மையைச் சொல்லி நேரம் கேட்கலாம் என்றேன். கேட்டால் புது மெஷின் வாங்கச் சொல்வார்கள் என்றார். பிறகு ரொம்பச் சாதாரணமாக ஒரு வழி சொன்னார்: பழைய விண்டோஸே இருக்கட்டும், பார்வைக்கு மட்டும் புதுசு மாதிரி ஆக்கிவிடு. வருகிறவர்கள் ஸ்கிரீனைத்தான் பார்ப்பார்கள்.

அக்டோபர் 16

என் கணவர் மோகனிடம் சொன்னேன். அவருக்கும் இதே கம்பெனிதான். சரக்கு ஏற்றும்போது விழுந்து முதுகு போன பிறகு, வெளியே அனுப்பாமல், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் நாற்காலி கொடுத்தவர் தணிகாசலம் சார். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லையே.

மோகன் தட்டை நகர்த்தி வைத்தார். "வேற எவன் எனக்கு உக்கார்ற வேல குடுப்பான்? நீயே சொல்லு" என்றார். கோபமாகக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அக்டோபர் 20, தீபாவளி

மழை. பக்கத்து வீட்டு மரகதம் அக்கா முறுக்கு கொடுத்துவிட்டுப் போனார். தெருவில் கார் போகிற சத்தம் கேட்டாலே எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். அந்தக் குழாய் எந்த வண்டியில் இருக்கோ. சொன்னா மோகன் வேல போவும். சொல்லாங்காட்டி – நான் இன்னாதான் பண்றது?

அக்டோபர் 23

செய்துவிட்டேன். புது வால்பேப்பர், புது ஐகான், கீழே பட்டையில் இருப்பவற்றை நடுவுக்குக் கொண்டுவந்தேன். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. பின்னால் வந்து பார்த்த இசைவாணி, மறுபடி அதையே ஏற்றிவிட்டேனோ என்று பயந்து கேட்டாள். இல்லை, மேலே மட்டும்தான் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. அவள் கேட்டிருக்கலாம்.

கடிதத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

வந்தது ஷாரோன் என்று ஒரு பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மழையில் செருப்பெல்லாம் சேறு. ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பார்த்தாள். பெஞ்சுக்கு வந்தாள், ஸ்கிரீனைப் பார்த்தாள், என் கடிதத்தைப் பார்த்தாள், டிக் அடித்தாள். சார் எனக்குப் பின்னால் மூச்சு விட்டது கேட்டது.

டிக் விழுந்ததும் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அந்தப் பெண் என்னை நம்பிவிட்டாள், அவ்வளவுதான் நடந்தது.

மதியம் கேன்டீனில் கை கழுவுகிற இடத்தில் பக்கத்தில் போய் நின்றேன். "மேடம், பதினாலாம் தேதி எங்க லாரில வந்த சரக்க நிறுத்துங்க" என்றேன். தண்ணீர்க் குழாயை மூடாமல் திரும்பிப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பச்சை, ஒரே நம்பர், மேல்பூச்சு, கடிதம் பொய் என்பது வரை. நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரியும், நிறுத்தவில்லை.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள்.

"குடுக்குறேன்."

கேன்டீன் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். சாம்பார் ஈரம் பட்டுவிட்டது. பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 31

சாருக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கம் பார்க்கவே இல்லை. மோகனும்.

நவம்பர் 5

கார் கம்பெனிக்காரர்கள் அந்த லாரிச் சரக்கு எல்லாவற்றையும் தேடிப் பிடித்துவிட்டார்கள். தீபாவளி லீவால் பாதிக் குழாய்கள் அவர்கள் ஸ்டோரிலேயே இருந்திருக்கின்றன. மாட்டிய வண்டிகளில் பதினேழு மட்டும் ஷோரூமுக்குப் போயிருந்தன, விற்கவில்லை, திருப்பி வரவழைத்தார்கள். மொத்தத்தில் நான்கு குழாய் கசிந்ததாம்.

நான்கு.

எங்கள் லைனை நிறுத்திவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இசைவாணியையும். கேட்டைத் தாண்டும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த நம்பரை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் இன்று அவளுக்கு வேலை இருந்திருக்கும். இதை அவளும் நினைத்திருப்பாளா?

நவம்பர் 11

கம்பெனி பஸ்ஸில் மோகன் முன் சீட்டில் உட்காருகிறார். நான் பின்னால். வீட்டில் சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார்.

நவம்பர் 24, திங்கள்

லைன் இன்று திறந்தது. கான்ட்ராக்ட் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். பிப்ரவரியில் புது மெஷின் வருகிறது. அதுவரை பெஞ்சில் பழைய விண்டோஸே இருக்கலாம், ஆனால் நெட்வொர்க் கூடாது, ஒவ்வொரு குழாயின் அளவையும் ஒருவர் கையால் எழுத வேண்டும் என்று உத்தரவு. அந்த ஒருவர் நான்தான் என்று சார் ஆள் அனுப்பிச் சொன்னார். சிஸ்டம் வேலைக்கு ரகு என்று புதிதாக ஒருவர் வந்திருக்கிறார்; என் மேசை அவருக்கு. மோகனின் நாற்காலியை எடுக்கவில்லை. இன்னும் எடுக்கவில்லை.

காலை ஏழு முதல் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன். அறுநூற்று நாற்பது குழாய். இசைவாணி தன் தட்டைத் தள்ளி வைத்து எனக்கு இடம் விட்டாள். "எடம் பத்துதாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

சாயந்திரம் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். மோகன். பஸ் பென்னலூரில் திரும்பியது.

"கை வலிக்குதா?" என்றார்.

இல்லை என்றேன். மடியிலிருந்த என் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.